பறித்துக்கொள்ளுங்கள்

(ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்ட ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு காவல் நிலையத்தின் வாசலை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். நம் ஊர்க் காவல் நிலையம் வேண்டாம். இங்கிலாந்தின் வடக்கே, மலை மடிப்புக்குள் கிடக்கும் டாட்மார்டன் என்ற சிற்றூரின் காவல் நிலையம். வாசலில் மரச்சட்டம் அடித்து மண் நிரப்பிய மேட்டுப்பாத்திகள். ஒரு பருவத்தில் அவற்றில் மக்காச்சோளம் ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது. இன்னொரு பருவத்தில் கேரட்டும் வெங்காயத்தாளும் கேல் கீரையும். தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் பட்டப்பகலில் உள்ளே வந்து, காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதிரை ஒடித்து, கேரட்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஏன் என்று கேட்க ஆளில்லை. அதற்காகத்தான் அவை அங்கே நடப்பட்டன.

இந்த ஊரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முப்பத்தோரு ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன் நான். செடிகளைப் பற்றிப் பேசினால் எனக்கு நேரம் போவது தெரியாது. ஆனால் டாட்மார்டனைப் பற்றிப் படிக்கப் படிக்க, அங்கே முளைத்த செடிகளைவிட, அவற்றைப் பறிக்க நீண்ட கைகளே என் நினைவில் நிற்கின்றன. அந்தக் கைகள் நீள்வதற்கு ஏன் அத்தனை மாதங்கள் ஆயின என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் ஊர். பென்னைன் மலைத்தொடரில் மூன்று குறுகிய பள்ளத்தாக்குகள் கூடும் இடத்தில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 15,000. மழைக்குக் குறைவே கிடையாது. அளவுக்கு மிஞ்சியும் பெய்யும், 2015 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. யார்க்‌ஷயருக்கும் லங்காஷயருக்கும் இடையிலான பழைய எல்லைக்கோடு ஊரின் நடுவே ஓடிய ஓடையை ஒட்டிப் போயிற்று. 1875இல் கட்டிய நகர மண்டபம் அந்த ஓடைக்கு மேலேயே நிற்கிறது. கட்டியபோது மண்டபத்தின் ஒரு பாதி ஒரு மாவட்டத்திலும் மறுபாதி இன்னொரு மாவட்டத்திலும் இருந்தது.

லங்காஷயர் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. அந்த வட்டாரத்து ஆலைகளிலிருந்து வந்த நூலும் துணியும் நம் நெசவாளர்களின் தறிகளை என்ன செய்தன என்று இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை. டாட்மார்டனும் அப்படி ஒரு பஞ்சாலை ஊர்தான். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு பருத்தி வரத்து நின்றபோது லங்காஷயர் ஆலைகள் பல மூடிக்கிடந்தன. அந்த நாட்களில் சூரத்துப் பருத்தி மட்டுமல்ல, நம் திருநெல்வேலிச் சீமையின் கரிசலில் விளைந்த பருத்தியும் அங்கே கப்பலேறிப் போயிற்று. இந்த ஊர்க்காரரான ஜான் ஃபீல்டன் பெரிய ஆலை முதலாளி. ஆலைகளில் பெண்களும் சிறுவர்களும் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைக்கக் கூடாது என்று 1847இல் வந்த சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் போராடியவரும் அவரே. அவருக்கு ஊரில் சிலை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை போனது, இளைஞர்கள் வெளியேறினார்கள், கடைவீதி களையிழந்தது. ஆலை மூடிய ஊரின் முகம் எப்படியிருக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியும்.

2007. பாம் வார்ஹர்ஸ்ட் என்ற பெண்மணி லண்டனில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். டாட்மார்டன் அடங்கிய மாவட்டத்தின் மன்றத்துக்கு ஒருகாலத்தில் தலைவராக இருந்தவர், ஊரில் ஒரு சிற்றுண்டிச்சாலையும் நடத்தியவர். கூட்டத்தில் உணவுக் கொள்கைப் பேராசிரியர் டிம் லாங் பேசினார். பருவநிலை மாறிவரும் காலத்தில் மக்கள் பூச்செடியை விட்டுவிட்டுக் காய்கறி பயிரிட வேண்டும் என்கிற போக்கில் அவர் பேச்சு அமைந்தது. திரும்பும் ரயிலில் பாமின் மனத்தில் அதே யோசனை ஓடியது. உலக மாநாடுகளும் உடன்படிக்கைகளும் பெரியவர்கள் பாடு. ஒரு சிற்றூர்க்காரி நாளைக் காலையில் செய்யக்கூடியது என்ன?

ஊருக்கு வந்ததும் தோழி மேரி கிளியரின் வீட்டுக்குப் போனார். மேரி ஊர்மக்களோடு சேர்ந்து வேலைசெய்யும் சமூகப் பணியாளர். சமையலறை மேசையில் காபி ஆறிக்கொண்டிருக்க, இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வயது, வருமானம், படிப்பு, இனம் என்ற பேதமெல்லாம் கடந்து எல்லாருக்கும் பொதுவாக இருப்பது சாப்பாடு. ஆகவே அதிலிருந்து தொடங்கலாம். சாப்பிடுகிற எவரும் இதில் சேரலாம், அவ்வளவுதான் உறுப்பினர் தகுதி. இயக்கத்துக்கு ‘இன்கிரெடிபிள் எடிபிள்’ என்று பெயர் வைத்தார்கள். ஒலிக்காகவும் சேர்த்துப் பிறந்த பெயர், தமிழில் அதை அப்படியே கொண்டுவர முடியாது. ‘தின்னக் கிடைத்த அதிசயம்’ என்று வேண்டுமானால் சொல்லிப் பார்க்கலாம்.

2008இல் ஒரு சிற்றுண்டிச்சாலையில் கூட்டம் போட்டார்கள். ஏறத்தாழ அறுபது பேர் வந்தார்கள். திட்டத்தைச் சொன்னதும் ஒரு கணம் அமைதி, பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்களாம். அங்கே ஒரு முடிவெடுத்தார்கள். எதற்கும் திட்ட அறிக்கை எழுதுவதில்லை, மானியத்துக்குக் காத்திருப்பதில்லை, அனுமதி கேட்டு நடையாய் நடப்பதுமில்லை. கைவிடப்பட்ட இடம் எது என்று பார்த்து நட்டுவிடுவது. கால்வாயோரம், மூடிக்கிடந்த கட்டடத்தின் முன்புறம், நாய்கள் அசிங்கம் செய்யும் புல்மேடு என்று தொடங்கினார்கள். குப்பையைப் பொறுக்கிவிட்டு முட்டைக்கோஸ் நாற்று நட்டால் யாரும் தடுக்க வரவில்லை. இடம் அசிங்கமாகக் கிடந்தவரை அது யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை அல்லவா?

இப்போது மேரி வீட்டுச் சுவருக்கு வருகிறேன். நான் சொல்ல வந்த கதை அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

மேரியின் வீட்டு முன்புறத்தில் ரோஜாத் தோட்டம் இருந்தது. தெருவுக்கும் அதற்கும் இடையே ஒரு சுவர். மேரி ரோஜாக்களைப் பெயர்த்தெடுத்துவிட்டுக் காய்கறியும் மூலிகையும் நட்டார். பிறகு சுவரையும் இடித்துத் தள்ளினார். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெரிய பலகை ஒன்றை நட்டுவைத்தார். செடிகள் வளர்ந்தன, காய்த்தன. ஜனங்கள் அந்த வழியே நடந்தார்கள், பலகையைப் படித்தார்கள், போய்விட்டார்கள். ஒருவரும் கை நீட்டவில்லை. ஆறு மாதம் போலக் கழிந்த பிறகே அந்தப் பலகை தங்களைத்தான் சொல்கிறது என்று ஊருக்கு உறைத்தது.

பொதுத் தோட்டம் என்ற பேச்சை நம் ஊரில் எடுத்தால் முதலில் வரும் கேள்வி நமக்குத் தெரியும். ‘எல்லாரும் பறித்துக்கொண்டு போய்விடுவார்களே, என்ன செய்வீர்கள்?’ டாட்மார்டனில் நடந்தது இதற்கு நேர் எதிர். பறிக்க ஆள் வரவில்லை என்பதுதான் அங்கே சிக்கலாக இருந்தது. கீரை முற்றிப் பூத்தது, லெட்யூஸ் தண்டு விட்டுக் கசந்தது. மண்ணைப் பண்படுத்துவதற்கு ஆன காலத்தைவிட, ‘இது எனக்கும் உரியது’ என்ற எண்ணம் மனத்தில் ஊன்றுவதற்கு ஆன காலம் அதிகம்.

ஏன்? ஆங்கிலேயருக்குக் கூச்ச சுபாவம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை. அந்தக் கைகள் நீளாமல் நின்றதற்குப் பின்னால் பல நூற்றாண்டுகள் இருக்கின்றன.

இங்கிலாந்தின் கிராமங்களில் ஒருகாலத்தில் மந்தைவெளி இருந்தது. ஏழையும் தன் பசுவை மேய்க்கலாம், விறகு பொறுக்கலாம். நாம் மேய்ச்சல் புறம்போக்கு என்கிறோமே, ஏறக்குறைய அதுபோல. அதை வேலி போட்டு வளைத்துத் தனியார் உடைமையாக்கினார்கள், அதுவும் நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றியே. 1604 முதல் 1914 வரை இப்படி 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள். வேலிக்குள் போனது 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். நேற்றுவரை முள்ளொடித்த இடத்தில் இன்று ஒடித்தால் திருட்டு. இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை, ஒரு பலகையைப் பார்த்த மாத்திரத்தில் நீண்டுவிடுமா?

எதிர்த்தவர்களும் உண்டு. 1649 ஏப்ரலில் ஜெரார்ட் வின்ஸ்டன்லி என்பவரும் அவருடைய தோழர்கள் சிலரும் சர்ரே பகுதியில் செயின்ட் ஜார்ஜ் குன்றின் பொதுநிலத்தைக் கொத்தி, பார்ஸ்னிப் கிழங்கும் கேரட்டும் பயறும் விதைத்தார்கள். நிலம் எல்லாருக்கும் பொதுவான கருவூலம் என்பது அவர்கள் கொள்கை. தோண்டுவோர் என்று அவர்களுக்குப் பெயர். நிலப்பிரபுக்களின் ஆட்கள் அவர்களை அடித்தார்கள், பயிரை அழித்தார்கள், வழக்குப் போட்டார்கள். சில மாதங்களில் தோண்டுவோர் குன்றை விட்டு விரட்டப்பட்டார்கள், பக்கத்தில் இன்னோரிடத்தில் பயிரிட்டார்கள், ஓராண்டுக்குள் அங்கிருந்தும் விரட்டப்பட்டார்கள். அவர்கள் கையில் ஆயுதம் கிடையாது. கேரட் விதைதான் இருந்தது. அதற்கே நிலப்பிரபுக்கள் அப்படி நடுங்கினார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

பின்னால், வேலி போட்ட குற்றத்துக்குச் சிறிய பரிகாரம்போலத் துண்டு நிலங்கள் வந்தன. ஊராட்சியிடமிருந்து குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் காய்கறித் துண்டு. 1908ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அவற்றுக்கு ஆதாரம். தேவை இருக்கும் ஊரில் உள்ளாட்சி அவற்றைத் தந்தாக வேண்டும். ஒரு துண்டு வழக்கமாக 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்டுக்குச் சற்று மேல். இரண்டாம் உலகப் போரில் கப்பல் வழி உணவு தடைபட்டபோது அரசே மக்களைக் கொத்தச் சொன்னது. லண்டன் கோபுரக் கோட்டையின் அகழியில்கூடக் காய்கறி விளைந்தது. போர்க்காலத்தில் துண்டுகளின் எண்ணிக்கை 14 லட்சத்தைத் தொட்டது. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒருவர் பெயரில் இருக்கிறது, சுற்றி வேலி இருக்கிறது, துண்டு கிடைக்கப் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். டாட்மார்டன் பாத்தியில் பெயர் இல்லை. இந்த வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். அது என்ன செய்யும் என்பதை நான் வேறோர் இடத்தில் கற்றுக்கொண்டேன். அதை இதுவரை மேடையில் சொன்னதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலைபார்த்த ஒரு பள்ளியில் கிணற்றடியை ஒட்டி ஐந்து சென்ட் நிலம் சும்மா கிடந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு தோட்டம் போட்டேன். பிள்ளைகள் கோரைக்கிழங்கைத் தோண்டியெடுத்தார்கள், வீட்டிலிருந்து கூடையில் எரு கொண்டுவந்தார்கள், குடம் குடமாய் நீர் சுமந்தார்கள். தக்காளி, கத்தரி, வெண்டை, கொத்தவரை. செடி பிடித்துக்கொண்டதும் நிர்வாகம் முள்கம்பி வேலி போட்டுப் பூட்டும் போட்டது. சாவி அலுவலகத்தில். காய் பறிக்கும் நாளில் கூடைகள் எங்கெங்கோ போயின. பிள்ளைகள் கைக்கு வரவில்லை.

ஒருநாள் ஒரு பையன் களையெடுக்கும்போது பழுத்த தக்காளி ஒன்றைக் கடித்துவிட்டான். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், அந்தப் பாதித் தக்காளியைக் கையில் கொடுத்து மேடையோரம் நிற்கவைத்தார்கள். அவன் நட்ட செடி. அவன் நீரூற்றிய செடி. ஆசிரியர் வரிசையில் நின்றுகொண்டிருந்த நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். சொன்னதைச் செய்துவிட்டுப் போனார்கள். எந்தச் செடி பூத்தது, எதில் பூச்சி விழுந்தது என்று ஓடிவந்து சொல்வது மட்டும் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு தோட்டம் இல்லை. பார்த்தீனியம் மண்டியது, வேலியும் பூட்டும் அப்படியே இருந்தன.

மண் அதே மண், நீர் அதே நீர், பிள்ளைகளும் அதே பிள்ளைகள். தொட்டுத் தின்னக் கூடாது என்று ஆனதும் தோட்டத்தின் உயிர் போய்விட்டது. இன்று வளர்ந்த மனிதனாக எங்கோ இருக்கும் அந்தப் பையனிடம் இந்த மேடையிலிருந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

டாட்மார்டனுக்குத் திரும்புகிறேன். கைகள் நீளத் தொடங்கிய பிறகு அங்கே வேலை வேகம்பிடித்தது. ரயில் நிலையத்தில் மூலிகைப் பாத்தி வந்தது. ரயிலுக்குக் காத்திருப்பவர் இரண்டு கொத்து ரோஸ்மேரி கிள்ளிக்கொள்ளலாம். கால்வாய்க்கரை நடைபாதையில் செடிகள். முதியோர் இல்லத்தில், குனிய முடியாதவர்களுக்காக இடுப்பு உயரப் பாத்திகள். கல்லறைத் தோட்டத்தில்கூட நட்டார்கள், அங்கே மண் வளம் நன்றாகவே இருக்குமல்லவா. புதிதாகக் கட்டிய சுகாதார நிலையத்தைச் சுற்றி அழகுக்காக முட்புதர்கள் வைத்திருந்தார்கள். நோயாளிகள் வந்துபோகும் இடத்தில் எதற்கு முள் என்று மருத்துவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டதும் முட்களை அகற்றிவிட்டுப் பழமரங்களும் பழப்புதர்களும் மூலிகைகளும் வைத்தார்கள். மாத்திரைச் சீட்டோடு வெளியே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது இப்போது தின்னக்கூடிய பச்சை.

தோட்டக்கலை அறிந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நகரத்து மண்ணை நம்பி நேரடியாக விதைப்பதில் ஆபத்து உண்டு. சாலையோர மண்ணில் பழைய பெட்ரோல் புகையின் காரீயம் தங்கியிருக்கும், ஆலை இருந்த இடத்தில் வேறு நஞ்சுகளும் இருக்கலாம். வெளியிலிருந்து நல்ல மண்ணும் மட்கும் கொண்டுவந்து நிரப்பிய மேட்டுப்பாத்தி இதற்கு நல்ல வழி. நாய்த் தொல்லையும் குறையும், கனத்த மழையில் நீரும் வடியும். பயிர்த் தேர்விலும் நுட்பம் வேண்டும். ரூபார்ப், புதினா, ராஸ்பெரி போல ஒருமுறை ஊன்றினால் ஆண்டாண்டுக்குத் தழைப்பவை பொது இடத்துக்கு ஏற்றவை. ஒருவர் கிள்ளினாலும் அடுத்தவருக்குத் துளிர்க்கும். நமக்கு முருங்கை, கறிவேப்பிலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, தவசிக்கீரை. முட்டைக்கோஸ் அப்படியில்லை. ஒருவர் வெட்டினால் அந்த இடம் காலி. அடுத்த நாற்றை நட ஆள் வேண்டும்.

ஆள் என்றதும் அடுத்த கேள்வி. வேலையை யார் செய்வது? மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். யாரும் வரலாம். களையெடுப்பார்கள், நடுவார்கள், தெருக் குப்பையையும் பொறுக்குவார்கள். வேலை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பாடு. அந்தச் சாப்பாட்டைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். தோட்டம் போட்டுக் கைவிட்ட ஊர்களைப் பற்றி நான் கேள்விப்பட்ட வரையில், வேலை மட்டும் இருந்து சேர்ந்து உண்பது இல்லாத இடங்களே சீக்கிரம் காய்ந்திருக்கின்றன.

பாம் இந்த இயக்கத்தை மூன்று சுழலும் தட்டுகளாகச் சொல்வார். ஒரு தட்டு ஊர்மக்கள், ஒரு தட்டு கல்வி, ஒரு தட்டு வியாபாரம். மூன்றும் சேர்ந்து சுழல வேண்டும். கல்வித் தட்டில், உயர்நிலைப் பள்ளி நிலத்தில் மீன்தொட்டி நீரில் காய்கறி வளர்க்கும் கூடம் ஒன்று வந்தது. மீன்கழிவு செடிக்கு உரம், செடி வடிகட்டிய நீர் மீனுக்கு. வியாபாரத் தட்டில் முதலில் வந்தது முட்டை. ஊரில் யார் யார் கோழி வளர்த்து முட்டை விற்கிறார்கள் என்று ஒரு வரைபடம் போட்டார்கள். அதைப் பார்த்து வாங்க ஆள் வந்ததும் வளர்ப்பவர்கள் பெருகினார்கள். சந்தைக் கடைக்காரர்களுக்குக் கரும்பலகை கொடுத்து, உள்ளூர்ப் பொருள் எது என்று அதில் எழுதிவைக்கச் செய்தார்கள். ஊரின் உணவு வியாபாரிகளில் 49 சதவீதம் பேர் இந்த வேலையால் தங்கள் வருமானம் கூடியதாகச் சொன்னார்கள் என்று பாம் 2012இல் லண்டன் மேடையொன்றில் குறிப்பிட்டார். இலவசமாகக் காய்கறி கொடுத்தால் கடைக்காரன் பிழைப்பு கெடாதா என்று கேட்பவர்களுக்கு இது பதில். தெருவில் கேரட் விளைவதைப் பார்த்தவன் கடையிலும் போய், இது எங்கே விளைந்தது என்று கேட்கிறான்.

இந்த இடத்தில் நிதானமாக ஒரு கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் இந்த ஊரைப் பற்றி எழுதுபவர்கள் சிலர் அது தன் உணவைத் தானே விளைவித்துக்கொண்டதுபோல எழுதிவிடுகிறார்கள். நான்கு பேர் உள்ள குடும்பத்தின் காய்கறிக்கு அந்த 250 சதுர மீட்டர் துண்டு போதும் என்பது இங்கிலாந்தில் பழைய மதிப்பீடு. 15,000 பேர் என்றால் 3,750 குடும்பம். சுமார் 230 ஏக்கர் வேண்டும். காவல் நிலைய வாசலும் ரயிலடியும் கால்வாயோரமும் சேர்ந்து அதில் சிறு பங்குகூட வராது. அதுவும் காய்கறிக்கு மட்டும். தானியம், பருப்பு, எண்ணெய் எல்லாம் வெளியிலிருந்துதான். அந்தப் பாத்திகள் ஊரின் வயிற்றை நிரப்பவில்லை, நிரப்பவும் முடியாது. அவர்களே அவற்றைப் பிரசாரத் தோட்டங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். பார்த்தவனைப் பேசவைப்பது அவற்றின் வேலை.

பேசவும் செய்தார்கள். அந்த ஊரில் மண்வெட்டியோடு தெருவில் குனிந்து நிற்பவரிடம் யாராவது நின்று இது என்ன செடி என்று கேட்காமல் போவதில்லை. கேட்டவருக்கு ஒரு கொத்துக் கீரை, கூடவே அதை எப்படிச் சமைப்பது என்ற பேச்சு. தனியாக வாழும் கிழவர், ஊருக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பம், வேலையில்லாத இளைஞன் என்று ஒருவரையொருவர் பார்த்தும் பாராமல் கடந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒரு பேச்சுப்பொருள் கிடைத்தது. காய்கறியின் எடையைத் தராசில் நிறுக்கலாம். இதை எதில் நிறுப்பது?

சேதமே இல்லையா என்று கேட்பீர்கள். பொது இடம் என்றால் ஓரளவு இருக்கவே செய்யும். ஆனால் பயந்த அளவுக்கு நாசம் நடக்கவில்லை என்பதே அவர்கள் அனுபவம். உணவை ஜனங்கள் மதிக்கிறார்கள். காலி மேட்டில் பாட்டிலை உடைத்துப் போடுபவன், காய்த்து நிற்கும் பட்டாணிக்கொடிமேல் போடத் தயங்குகிறான்.

வேறு நாட்டிலும் இப்படி ஓர் இடம் உண்டு, ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் ஆண்டர்நாக் என்ற ஊர். அங்கே இதே வேலையை 2010இல் நகராட்சியே எடுத்துச் செய்தது. பழைய கோட்டைச் சுவரை ஒட்டி முதல் ஆண்டு 101 வகைத் தக்காளி வைத்தார்கள். அடுத்த ஆண்டு அவரையினம், அதற்கடுத்த ஆண்டு வெங்காயம். வெகுநாளாக வேலை கிடைக்காதவர்களைப் பராமரிப்புக்கு அமர்த்தினார்கள். உள்ளே நுழையாதே என்றிருந்த பலகைகளின் இடத்தில் பறிக்கலாம் என்ற பலகை. ஒரே ஊரில் தக்காளி நூற்றொன்று என்றால், அது வகைகளைக் காப்பாற்றும் வேலையும்கூட. ஊதியம் பெறும் ஆள் இருப்பதால் களை சேராது. இருந்தும் எனக்கு டாட்மார்டன்மேல்தான் மனம் போகிறது. நகராட்சி கொடுத்ததை நகராட்சியே ஒரு தீர்மானத்தில் எடுத்துவிடலாம். தானே நட்டதை ஊர் அவ்வளவு எளிதில் விடாது.

அனுமதி கேட்காமல் தொடங்கியவர்கள் அரசைப் பகைத்துக்கொண்டார்களா என்றால் இல்லை. பாத்திகளைப் பார்த்த மாவட்ட மன்றம், தன்னிடம் சும்மா கிடக்கும் நிலங்களைப் பட்டியல் போட்டு, மக்கள் பயிரிட எளிய உரிமச் சீட்டு கொடுக்க முன்வந்தது. பிரிட்டனில் இன்று இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. பிரான்ஸ் நாட்டு ஊர்களிலும் பகிர்ந்துண்ணப் பாத்திகள் முளைத்தன. அடுத்த படியாக, பயன்படாமல் கிடக்கும் பொதுநிலத்தில் மக்கள் பயிரிடுவதை ஓர் உரிமையாகவே ஆக்க வேண்டும் என்று இந்த இயக்கம் கேட்டது. 2023 அக்டோபரில் ஹல் நகர மன்றம் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது, பிரிட்டனில் அதுவே முதல். 1649இல் கேரட் விதைத்ததற்காக அடித்து விரட்டிய நாட்டில், 374 ஆண்டுகள் கழித்து ஒரு நகரம் விதைத்துக்கொள்ளுங்கள் என்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். புறம்போக்கு என்ற சொல்லை நாம் வசவாக ஆக்கிவைத்திருக்கிறோம். வரி விதிப்புக்குப் புறம்பான நிலம் என்பதே அதன் பொருள். குளம், மந்தை, களம், சுடுகாடு, பாதை, ஊரில் எது எல்லாருக்கும் உரியதோ அதெல்லாம் புறம்போக்கு. யாருக்கும் சொந்தமில்லாதது என்று சொல்லிச் சொல்லியே அதை இழந்துகொண்டிருக்கிறோம்.

இந்த நூலகத்துக்கு மேற்கே, சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் மதிலுக்கும் நடுவே மூன்று சென்ட் போல இடம் இருக்கிறது. போன வாரம் வந்து மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். மேலே ஓரடி கட்டட இடிபாடு, கீழே செம்மண், மோசமில்லை. கைகழுவும் குழாயின் நீர் தினமும் அந்தப் பக்கம்தான் ஓடி வீணாகிறது. நூலகரிடம் பேசினேன். அவர் மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதட்டும். பதில் வரும்வரை இடிபாட்டை அள்ளி வெளியேற்றும் வேலை இருக்கிறது, எப்படியும் இரண்டு ஞாயிறு பிடிக்கும்.

ஆடிப்பட்டத்துக்கு இன்னும் ஐந்து வாரம். பந்தல் அவரை ஆடியில் ஊன்றினால்தான் பனிக்காலத்தில் பகல் சுருங்கும்போது பூக்கும். அந்த விதையும், வெண்டை, கொத்தவரை, கத்தரி விதைகளும் கொண்டுவந்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். பலகை ஒன்றும் எழுதிவந்திருக்கிறேன், ஒரே சொல்: ‘பறித்துக்கொள்ளுங்கள்’. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளே, ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நான் இங்கே இருப்பேன். வீட்டில் பழைய கூடை இருந்தால் எடுத்து வாருங்கள். அந்தப் பாத்தியில் தக்காளி பழுத்தால், முதல் பழத்தை யார் வேண்டுமானாலும் அங்கேயே நின்று கடித்துத் தின்னலாம்.